படிவுப் பாறையில் விண்கல் மோதலின் தடயம்: எந்தக் கனிமத்தின் சாட்சியை நம்பலாம்?

படிவுக்காரி (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். போன வாரம் வேறொரு இழையில் "களிமண்ணில் இரிடியம் இருந்தால் விண்கல் விழுந்தது உறுதி" என்று ஒருவர் எழுதியிருந்தார். பத்துப் பேர் அதை அப்படியே ஆமோதித்திருந்தார்கள். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

இரிடியம் ஓர் அரிய உலோகம். அதற்கு இந்தப் புகழ் வந்ததே வேறு கேள்விக்குப் பதில் தேடிய இடத்தில்தான். இத்தாலியில் குப்பியோ ஊரையொட்டிய மலையிடுக்கில், கீழே சுண்ணாம்புக்கல், மேலே சுண்ணாம்புக்கல், நடுவில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வெறும் களிமண். டைனோசர் காலம் முடிந்த எல்லை அதுதான். கீழ்க் கல்லில் நிறைந்திருக்கும் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளில் பெரும்பாலானவை மேல் கல்லில் காணாமல் போயிருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டர் படிய எத்தனை காலம் ஆனது என்பதுதான் புவியியலாளர் வால்டர் அல்வாரெஸின் கேள்வி. அவருடைய அப்பா லூயிஸ் அல்வாரெஸ், 1968இல் இயற்பியல் நோபல் வாங்கியவர், ஒரு யோசனை சொன்னார். விண்வெளியிலிருந்து தூசி எப்போதும் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கிறது, அதில் இரிடியம் உண்டு. களிமண்ணில் இரிடியம் எவ்வளவு என்று அளந்தால் காலத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிச்செலும் நியூட்ரான் பாய்ச்சி அளந்தார்கள். குப்பியோவில் வழக்கத்தைவிட 30 மடங்கு, டென்மார்க்கின் ஸ்டெவன்ஸ் கிளின்டில் 160 மடங்கு, நியூசிலாந்தில் 20 மடங்கு. சீரான தூசி மழையில் இது வரவே வராது. 1980 ஜூனில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு யான் ஸ்மிட் ஸ்பெயினின் கரவாக்காவில் எடுத்த படிவிலும் இதே கதை.

இரும்பை ஒட்டிக்கொண்டு போகும் குணம் இரிடியத்துக்கு. பூமி உருகிக் கிடந்த காலத்தில் இரும்போடு சேர்ந்து நடுக்கருவுக்கு இறங்கிவிட்டது. மேலோட்டில் மிச்சம் மிகக் கொஞ்சம். உருகிப் பிரியாத விண்கற்களில் அது அப்படியே இருக்கிறது. ஆகவே இரிடியம் கூடினால் சந்தேகப்படலாம். ஆனால் 1983இல் ஹவாயின் கிலாவேயா எரிமலைப் புகையிலும் இரிடியம் கூடுதலாக இருந்தது. எனவே இரிடியம் மட்டும் போதாது.

என் கணிப்பில், நம்பத்தக்க முதல் சாட்சி குவார்ட்ஸ். 1984இல் ப்ரூஸ் போஹரின் குழு அமெரிக்காவின் மான்டனாவில் அதே எல்லைக் களிமண்ணைக் கழுவி, அதிர்ச்சிக் குவார்ட்ஸ் மணிகளை எடுத்தது. அதைப் பற்றி அடுத்த பதிவில்.

கடம்பவனம்:

அக்கா, அடிப்படைக் கேள்வி. குவார்ட்ஸ் என்றால் ஆற்று மணல்தானே? அது அதிர்ச்சி அடைந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

படிவுக்காரி:

ஆற்று மணலேதான். அதனால்தான் அதை நம்புகிறோம். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் இருக்கும், சுலபத்தில் கரையாது, பல கோடி ஆண்டு போனாலும் உருமாறாது.

பாறையை 30 மைக்ரோமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டினால் தின் செக்ஷன். ஒளிமுனைவு மைக்ராஸ்கோப்பின் வட்டத் தட்டில் அதை வைத்து மெல்லச் சுற்றுவோம். சாதாரண குவார்ட்ஸ் மணி சாம்பலாக, வெளிர் மஞ்சளாக, ஒன்றுமே இல்லாத வெறுமையாகத் தெரியும். தட்டைத் திருப்பத் திருப்ப ஒரு கட்டத்தில் முழுசாக இருண்டுவிடும், மறுபடி வெளுக்கும். அதிர்ச்சிக் குவார்ட்ஸ் வந்தால் அந்த வெறுமைக்குள் கோடுகள். அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் நேர்க்கோடுகள், ஒன்றுக்கொன்று சில மைக்ரோமீட்டர் இடைவெளியில், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை. கொஞ்சம் திருப்பினால் வேறு கோணத்தில் இன்னொரு தொகுதி முதலாவதைக் குறுக்கே வெட்டும். சில மணிகளில் மூன்று, நான்கு தொகுதிகள். கோடு என்று நாம் பார்ப்பது தகடு. படிக அமைப்பு குலைந்து கண்ணாடியாகிப் போன தகடு. அது உருவாக ஏறக்குறைய 10 ஜிகாபாஸ்கலும் அதற்கு மேலும் அழுத்தம் வேண்டும், அதாவது ஒரு லட்சம் வளிமண்டல அழுத்தம், அதுவும் நொடிக்கும் குறைவான நேரத்தில். இயற்கையில் இதைக் கொடுக்க விண்கல் மோதலால்தான் முடியும். அணுகுண்டுச் சோதனை நடந்த இடங்களிலும் பார்த்திருக்கிறார்கள்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு மணற்பாறையில் இணைகோடுகள் பார்த்து, இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, "கோட்டை முழுசா கண்ணால பின்தொடர்ந்து போம்மா, வளையுதா பாரு" என்றார். வளைந்தது. இடைவெளி அகலம், தொகுதி ஒன்றே ஒன்று. மலை மடியும்போது மெதுவான அழுத்தத்தில் வருகிற சாதாரணக் கோடுகள் அவை. அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் தேடுவது இதைத்தான்: நேராக இருக்கிறதா, நெருக்கமா, ஒன்றுக்கு மேல் தொகுதி உண்டா.

தக்காணத்தான்:

மரியாதையோடு மாறுபடுகிறேன். நம் நாட்டிலேயே தக்காண எரிமலைக் குழம்பு அந்தச் சமயத்தில்தான் கொட்டியது. கட்ச் அஞ்சாரில் எரிமலைப் படலங்களுக்கு இடையே உள்ள படிவில் இரிடியம் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளில் கிடைத்திருக்கிறது. ஒரு விண்கல் பல அடுக்கு எப்படிக் கொடுக்கும்? எரிமலையை இவ்வளவு சுலபமாக ஒதுக்கக் கூடாது.

படிவுக்காரி:

அஞ்சாரைக் குறிப்பிட்டது நியாயம். அங்கே இரிடியத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது என்பதுதான் என் கட்சியும். மேகாலயாவில் உம் சொரிங்க்யூ ஆற்றுப் படிவிலும் இரிடியம் உயர்ந்திருக்கிறது. அது கடல் படிவு, உயிரின மாற்றத்தோடு பொருந்தி வருவதால் வலுவாக நிற்கிறது.

ஆனால் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கல் விழுந்ததா என்பது ஒன்று. டைனோசர் எதனால் செத்தது என்பது வேறு. இரண்டாவதில் எரிமலைக்குப் பங்கு உண்டா என்று இன்னும் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். முதல் கேள்வியில் எரிமலைக்கு இடமில்லை. தக்காணப் பாறை பசால்ட். அது வெடித்துச் சீறாமல் வழிந்து ஓடியது. அதில் குவார்ட்ஸே அபூர்வம், அந்த அழுத்தம் சுத்தமாக இல்லை.

இன்னொன்றும் உண்டு. அதிர்ச்சிக் குவார்ட்ஸ் மணிகள் வட அமெரிக்காவில் பெரிது, ஐரோப்பாவில் சிறிது. ஆக, விழுந்த இடம் அமெரிக்கப் பக்கம் என்று பள்ளத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே மணிகள் சொல்லிவிட்டன. மெக்சிகோவின் யுகடான் கரையில் எண்ணெய் தேடிய பென்ஃபீல்டும் கமார்கோவும் 1978 வாக்கிலேயே நிலத்தடியில் வட்ட அமைப்பைப் பார்த்திருந்தார்கள், 1981இல் மாநாட்டில் சொன்னார்கள், கவனிப்பாரில்லை. 1991இல்தான் ஹில்டபிராண்டும் மற்றவர்களும் அந்தப் பள்ளத்தை, சிக்சுலூபை, இந்தக் களிமண்ணோடு இணைத்தார்கள். ஏறக்குறைய 180 கிலோமீட்டர் அகலம். 2016இல் அங்கே கடலுக்குள் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டிலும், பள்ளத்தை மூடிய படிவில், இரிடியம் இருந்தது.

தக்காணத்தான்:

குவார்ட்ஸ் மணியின் பருமன் விஷயம் எனக்குப் புதிது. அதை ஏற்கிறேன். சாவுக்குக் காரணம் யார் என்பதில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

சுரங்கத்து ஐயா:

தம்பி தங்கச்சிகளா, நான் படிச்சவன் கிடையாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். நத்தை மாதிரி சுருண்ட கல்லு, சிப்பி, எல்லாம் கையாலயே எடுத்திருக்கேன். லாரியில ஏத்தும்போது நிறம் மாறின கட்டி வந்தா ஓரமா தள்ளிடுவோம், சிமெண்டுக்கு ஆகாதுன்னு. அந்தக் கல்லும் டைனோசர் காலத்துதானேம்மா? நீ சொல்ற களிமண்ணு நம்ம ஊர்ல ஏன் இல்ல?

படிவுக்காரி:

ஐயா, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. நீங்கள் வேலை பார்த்தது கிரிட்டேசியஸ் காலக் கடல் படிவு, அதாவது டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி. அந்தச் சுருண்ட கல் அம்மோனைட். உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வந்து பார்க்கிற இடம் அது.

ஒரு சென்டிமீட்டர் களிமண் பிழைத்திருக்க வேண்டுமென்றால் கடல் அங்கேயே நிற்க வேண்டும், மேலே மேலே அமைதியாகப் படிந்துகொண்டே இருக்க வேண்டும். அரியலூரில் அந்தக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் கடல் பின்வாங்கிவிட்டது. மேலே உள்ள கல்லமேடு அடுக்கு ஆறு கொண்டுவந்த மணலும் களியும். டைனோசர் எலும்புத் துண்டு கிடைப்பது அங்கேதான். பிறகு கடல் திரும்பி வந்து நினியூர்ச் சுண்ணாம்புக்கல் படிந்தது. இடையில் ஒரு காலம் விடுபட்டிருக்கிறது. ஆறு ஓடிய மண்ணில் ஒரு மெல்லிய தூசிப் படலம் தங்குவது கஷ்டம் ஐயா.

நீங்கள் ஓரமாகத் தள்ளிய கட்டி பற்றிச் சொன்னீர்களே. அதே வேலை சுவீடனில் நடந்திருக்கிறது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கின்னெக்குல்லே மலையடிவாரத்தில் தோர்ஷ்பெரி என்று ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. தரைக்குப் போடும் பலகைக்கல் அறுக்கிறார்கள். சிவப்புக் கல், அதற்குள் நீளக் கொம்பு மாதிரி ஆர்தோசெராஸ் ஓடுகள். நடுநடுவே சாம்பல் திட்டும் அதற்குள் கறுப்புக் கட்டியும் வரும். பலகை அழகாக இராது என்று தள்ளிவிடுவார்கள். அந்தக் கட்டிகள் 46 கோடி ஆண்டுக்கும் முந்தைய கடல் அடியில் விழுந்து புதைந்த விண்கற்கள்! 1952இல் ப்ருன்ஃப்லோ என்ற இடத்துப் பலகையில் ஒன்று கிடைத்து, அது விண்கல் என்று புரிய 1979 வரை ஆனது. 1990களில் புவியியலாளர் பிர்கர் ஷ்மித்ஸும், தொழில்முறை ஆய்வாளராக இல்லாத மரியோ தஸ்ஸினாரியும் குவாரிக்காரர்களோடு பேசி, "தள்ளாமல் எடுத்து வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. அறுக்கிறவர்கள் கண் இல்லாவிட்டால் அத்தனையும் குப்பைமேட்டில் போயிருக்கும்.

சுரங்கத்து ஐயா:

சாம்பல் திட்டு ஏன் வருதும்மா, சிவப்புக் கல்லுல?

படிவுக்காரி:

சிவப்பு என்பது துரு ஐயா, ஆக்சிஜன் தின்ற இரும்பு. விண்கல்லுக்குள் உலோக இரும்பு இருக்கும். கடலடிச் சேற்றில் புதைந்தபின் அது துருப்பிடிக்கச் சுற்றியிருந்த ஆக்சிஜனை இழுத்துக்கொண்டது. சுற்றியுள்ள சேற்றுக்குப் பற்றாக்குறை, அதனால் சிவப்பாகாமல் சாம்பலாக நின்றுவிட்டது. அந்தத் திட்டுதான் நடுவில் விண்கல் இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்தக் கட்டியை உடைத்துப் பார்த்தால் விண்கல்லின் பழைய கனிமம் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. ஆலிவின், பைராக்சின், இரும்பு எல்லாம் போய், அந்த இடத்தில் கால்சைட், பாரைட், களிமண். வடிவம் விண்கல், உடம்பு உள்ளூர்ச் சரக்கு. தப்பித்தது ஒரே ஒரு கனிமம்: குரோமைட். கறுப்பாக, மணல் மணியைவிடப் பொடியாக இருக்கும். அமிலத்துக்கும் அசைவதில்லை. அதன் வேதி அளவுகளே எந்த வகை விண்கல்லிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும்.

ஷ்மித்ஸ் அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. கட்டியே இல்லாத வெறும் சுண்ணாம்புக்கல்லை நூற்றுக்கணக்கான கிலோ அமிலத்தில் கரைத்தார். சுண்ணாம்பு நுரைத்துப் போய்விடும், களிமண்ணைச் சலித்து எடுத்தால் அடியில் குரோமைட் மணிகள். ஒரு குறிப்பிட்ட அடுக்குக்குக் கீழே, பல கிலோ கரைத்தாலும் ஒரு மணி கிடைப்பது அரிது. அந்த அடுக்குக்கு மேலே கிலோவுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை. சீனாவிலும் ரஷ்யாவின் லின்னா ஆற்றுப் படிவிலும் அதே மட்டத்தில் அதே ஏற்றம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் ஒரு சிறுகோள் உடைந்து நொறுங்கியது, அதன் தூளும் துண்டும் பூமிமேல் கொட்டியது. இன்றைக்கும் விழுகிற விண்கற்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தச் சிறுகோளின் வகைதான், 'எல்' வகைக் காண்ட்ரைட் என்ற கல் விண்கல். அவற்றின் உள்ளே பதிந்த அதிர்ச்சிக்கு வயது கணித்தாலும் 47 கோடி ஆண்டு அளவுதான் வருகிறது.

யோத்தபோரித் தமிழன்:

நான் சுவீடனில் இருக்கிறேன் அக்கா. எங்கள் அலுவலகக் கட்டிடத்தின் மாடிப்படி முழுக்க இந்தச் சிவப்புக் கல்தான். ஆறு வருடமாக ஏறி இறங்குகிறேன், அந்த நீளக் கொம்புகளை ஏதோ பூ வேலை என்று நினைத்தேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு இப்போதுதான் குனிந்து பார்த்தேன். குறுக்குச் சுவர்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. மூன்றாவது மாடித் திருப்பத்தில் உள்ளங்கை அளவு சாம்பல் திட்டு ஒன்று இருக்கிறது. கை நடுங்குகிறது.

படிவுக்காரி:

நிதானமாகப் பாருங்கள். சாம்பல் திட்டு மட்டும் இருந்தால் விண்கல் என்று சொல்ல முடியாது, புழு குடைந்த வழி, அழுகிய உயிர்ப்பொருள் இருந்த இடமும் அப்படி வெளுக்கும். நடுவில் தெளிவான விளிம்போடு கறுப்புக் கரு இருக்கிறதா? கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். கல்லைச் சுரண்ட வேண்டாம்.

மொட்டைமாடி:

அக்கா, நான் ஒன்பதாம் வகுப்பு. யூடியூபில் பார்த்து, மழைநீர்க் குழாயில் தேங்கின மண்ணை வெயிலில் காயவைத்து காந்தம் ஓட்டினேன். அப்பா வாங்கித் தந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் குட்டிக் குட்டி உருண்டை நிறையத் தெரியுது. பளபளன்னு கறுப்பா. இதெல்லாம் விண்தூசியா? எங்க வீடு மேட்டூர்.

படிவுக்காரி:

முதலில், மண்ணைக் காயவைத்துக் காந்தம் ஓட்டியதற்கு உனக்குப் பெரிய பாராட்டு. எல்லா ஆராய்ச்சியும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

மேட்டூர் என்றாய். அனல் மின் நிலையச் சாம்பலில் நீ பார்த்த மாதிரி உருண்டைகள் கோடிக்கணக்கில் உண்டு. பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைத் தீப்பொறியும் ஆறும்போது உருண்டையாகும். தீபாவளிப் பட்டாசும் அப்படித்தான். உன் உருண்டைகளில் பெரும்பாலானவை இவையாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றுமே இராது என்று நினைக்காதே. நார்வேயின் ஜான் லார்சன் நகரத்துக் கூரைகளின் மழைநீர்க் கால்வாய்க் குப்பை 300 கிலோவைச் சலித்து, ஏறக்குறைய 500 விண்துகள்களை எடுத்தார். அதுவரை நகரத்தில் கிடைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர் தேடியது மழமழவென்று பளபளக்கும் உருண்டையை அல்ல. மேலே ஆமை ஓடு மாதிரியோ சீப்புப் பல் மாதிரியோ படிகக் கோலம் இருக்கிறதா என்று பார்த்தார். நீயும் அதைத் தேடு. கடைசியில் உறுதி செய்ய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும் வேதி அளவும் வேண்டும்.

இதையே பெரியவர்களுக்கும் சொல்கிறேன். 12,900 ஆண்டுக்கு முன் ஒரு வால்நட்சத்திரம் மோதித்தான் திடீர்க் குளிர் வந்தது என்று 2007இல் ஒரு குழு எழுதியது. ஆதாரமாகக் காட்டியவற்றில் காந்த உருண்டைகளும் கரி உருண்டைகளும் இருந்தன. மற்றவர்கள் அதே இடங்களில் தேடியபோது பலருக்கு அதே எண்ணிக்கை வரவில்லை. சில கரி உருண்டைகள் பூஞ்சையின் உறங்குநிலைக் கட்டிகள் என்று காட்டப்பட்டது. இன்றுவரை அதை நான் நம்பவில்லை. உருண்டை வடிவத்தை மட்டும் பார்த்து ஒரு கோளின் வரலாற்றை எழுதக் கூடாது.

தக்காணத்தான்:

அப்படியானால் 300 கோடி ஆண்டுப் பாறையில் வெறும் உருண்டைகளை வைத்து மோதல் என்கிறார்களே, தென்னாப்பிரிக்காவில்? அங்கே குவார்ட்ஸும் இல்லை என்று படித்தேன்.

படிவுக்காரி:

சரியான பிடி. பார்பர்ட்டன் பகுதி. 1986இல் லோவும் பையர்லியும் எழுதினார்கள். 347 கோடி முதல் 322 கோடி ஆண்டு வரை, பல அடுக்குகளில் மில்லிமீட்டர் அளவு உருண்டைகள். மோதலில் ஆவியான பாறை மேலே போய்க் குளிர்ந்து ஆலங்கட்டி மாதிரி விழுந்தவை. கண்ணாடி எப்போதோ சிலிக்காவாக மாறிவிட்டது. அதிர்ச்சிக் குவார்ட்ஸ் கிடைக்காததற்குக் காரணம், அன்றைய கடல்தரை பசால்ட். அடிபடவே குவார்ட்ஸ் இல்லை. மகாராஷ்டிராவின் லோனார் பள்ளத்திலும் இதே நிலைமை. அங்கே அதிர்ச்சியைச் சொல்வது கண்ணாடியாகிப்போன ஃபெல்ஸ்பார் என்ற வேறொரு கனிமம்.

பார்பர்ட்டனில் உருண்டையின் வடிவத்தை மட்டும் நம்பி நின்றுவிடவில்லை. பெரிய சந்தேகம் இருந்தது, பல ஆண்டு வாதம் நடந்தது. கடைசியில் குரோமியம் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள். பூமியின் பாறை, தண்ணீர், எரிமலை எதை எடுத்தாலும் குரோமியம்-53இன் விகிதம் ஒன்றே. விண்கற்களில் அது விலகி நிற்கும். சூரியக் குடும்பம் உருவான காலத்து மாங்கனீசு-53 சிதைந்து வந்த வித்தியாசம் அது, பூமியில் எந்த வெப்பமும் எந்த வேதிவினையும் அதை உண்டாக்க முடியாது. 2000 வாக்கில் ஷுகோல்யுகோவ் குழு அளந்தபோது பார்பர்ட்டன் அடுக்குகளில் அந்த விலகல் இருந்தது. 2024இல் ருத்தேனியம் ஐசோடோப்பை வைத்து, சிக்சுலூபில் விழுந்தது வியாழனுக்கு அப்பால் உருவான கரிமச் சிறுகோள் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது ஆஸ்திரேலியாவின் அக்ரமான். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில், 58 கோடி ஆண்டு அளவில் படிந்த மெல்லிய சிவப்புக் களிப்பாறை. அந்தச் சேறு அமைதியான கடலில் படிந்தது, பெரிய கல் வர வழியே இல்லை. அதற்கு நடுவில் ஒரே ஒரு அடுக்கில் எரிமலைப் பாறைத் துண்டுகள். விக்டர் காஸ்டின் அவற்றைக் கவனித்தார். துண்டுகளின் வயது 159 கோடி ஆண்டு, சேற்றைவிட நூறு கோடி ஆண்டு மூத்தது. 300 கிலோமீட்டர் மேற்கே, அதே வயது எரிமலைப் பாறையில் இருக்கும் அக்ரமான் ஏரி ஒரு மோதல் பள்ளம் என்று ஜார்ஜ் வில்லியம்ஸ் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். 1986இல் இரண்டும் ஒன்றாகப் பொருந்தின. துண்டுகளுக்குள் அதிர்ச்சிக் குவார்ட்ஸ். பிறகு அந்த அடுக்கில் இரிடியமும் கிடைத்தது. குவார்ட்ஸ், இரிடியம், துண்டின் வயது, பள்ளம் நான்கும் ஒரே பக்கம் கை காட்டும்போதுதான் எனக்கு நிம்மதி.

சுரங்கத்து ஐயா:

இருபத்தாறு வருஷம் தள்ளின கட்டியில என்னென்ன இருந்துதோம்மா. என் பேரன் இப்ப அதே சுரங்கத்துலதான் இருக்கான். சாம்பல் திட்டுல கறுப்புக் கரு வந்தா தள்ளாம எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். எந்த அடுக்குல வந்துச்சுன்னு சாக்பீஸ்ல எழுதவும் சொன்னேன்.

படிவுக்காரி:

ஐயா, அடுக்கை எழுதச் சொன்னீர்கள் பாருங்கள், அது மிகச் சரி. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கல்லை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பக்கம் மேல் என்று ஒரு அம்புக்குறியும் போடச் சொல்லுங்கள்.

யோத்தபோரித் தமிழன்:

துடைத்துவிட்டுப் பார்த்தேன். கறுப்புக் கரு இல்லை, திட்டு ஓரத்தில் கரைந்து சிவப்போடு கலக்கிறது. புழுவழியாகத்தான் இருக்க வேண்டும். நாளை கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஆரம்பிக்கிறேன். மொத்தம் 94 படிகள்.